வெயிலில் வைத்த மூடி

அத்தியாயம் 14

லிண்ட்சேயைப் புதைத்து ஏழு வாரம் ஆகிறது. கடீனா ஊரில் முப்பது வருஷம் ரேடியோ, டிவி, பிறகு கணினி என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் முகம் சுளிக்காமல் சரிசெய்து கொடுத்த மனிதர். வீட்டை விற்பதற்காக, அதை ஒட்டிய பட்டறையைக் காலி செய்யப் போன மகள் நரெல், மேஜைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியை இழுத்ததும், அம்மா க்ளெனிஸ் பாய்ந்து வந்து, "அதை இப்பத் தொடாதே, ஒரே தூசி, நானே துடைச்சுக் கொண்டு வந்து தர்றேன்" என்று மறித்ததும் போன வாரம் பார்த்தோம்.

சொன்ன வார்த்தை தவறவில்லை க்ளெனிஸ். வியாழக்கிழமை காலையிலேயே பெட்டியைக் காரில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

பெட்டிக்குள் ஒரு கமடோர் 64, விசைப்பலகைக்குள்ளேயே முழுக் கணினியும் அடங்கிய எண்பதுகளின் மெஷின். பின்னால் வந்த வெளிர் நிற மாடல். வெளிர் நிறம் என்பது பெயருக்குத்தான். வருஷங்கள் போகப் போக அந்தப் பிளாஸ்டிக் பல்லில் கறை ஏறுவதுபோல் மஞ்சளாகிவிடும்.

நரெலுக்கு அதைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிறு அவள் கணவன் கிம்முக்கு ஐம்பது வயது. இதே மாடல்தான் அவன் வீட்டில் இருந்தது. அவனுடையது இல்லை, அவன் அக்கா டாம்சினுடையது.

டாம்சின் பாஸ்கோ என்ற பெயர் இந்த ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. 1989 ஜனவரியில், பதினாறு வயதில், பழுதான கணினியைத் துணிப்பையில் போட்டுச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு லிண்ட்சேயின் பட்டறைக்கு என்று கிளம்பினாள். பட்டறைக்கு அவள் வந்து சேரவே இல்லை என்று லிண்ட்சே போலீசிடம் சொன்னார். சைக்கிள் மட்டும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கிடைத்தது. யாரோ லாரிக்காரனோடு அடிலெய்டுக்கு ஓடிவிட்டாள் என்று ஊர் பேசியது. ஊருக்கென்ன, பேச ஏதாவது வேண்டும்.

அந்தக் கணினி பழுதானதற்குக் காரணமே கிம்தான். ராஸ்பெரி சர்பத்தை அதன் மேல் கொட்டிவிட்டான். கொட்டாமல் இருந்திருந்தால் அக்கா வெளியே போயிருக்க மாட்டாள் என்று முப்பத்தைந்து வருஷமாக மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கிறான். அக்கா எழுதிய விளையாட்டு ஒன்று கேசட்டில் இருக்கிறது. அதை மடிக்கணினியில், பழைய மெஷின்போலவே நடிக்கும் எமுலேட்டரில் போட்டு, சில ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக உட்கார்ந்து ஆடுவான்.

"அப்படியே இருக்கு, ஆனா அது இல்லை" என்பான். "அவ விரல் பட்ட மாதிரி கீயைத் தட்டணும்னு இருக்கு."

அந்த ஆசைக்குத்தான் இந்தப் பரிசு.

---

சனிக்கிழமை காலை கிம் வாலாரூ துறைமுகத்துக் கோதுமைக் கிடங்குக்கு வேலைக்குப் போனதும், நரெல் சமையல்கட்டு மேஜையில் பழைய துண்டை விரித்து மெஷினைத் திறந்தாள்.

உள்ளே மின்சுற்றுப் பலகையைப் பார்த்ததுமே அவளுக்குக் கண் கலங்கியது. ஒரு சிப்பை யாரோ மாற்றியிருக்கிறார்கள். அந்த ஈயப்பற்று அப்பாவின் கை. சின்னதாக, பளபளப்பாக, ஒவ்வொரு காலுக்கும் ஒரே அளவு. எட்டு வயதில் அவளை முக்காலியில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் அல்லவா.

"அப்பா, நீ சரி பண்ணி வச்சதை நான் துடைச்சுக் கொடுக்கப் போறேன்" என்று சத்தமாகவே சொன்னாள். வீட்டில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பாள்.

புதிய பவர் பெட்டியை மாட்டினாள். பழைய பெட்டியை எந்த மெஷினுக்கும் அவள் நம்பி மாட்டுவதில்லை. டிவியில் அந்த மெஷினுக்கே உரிய நீலத்திரை முதல் தடவையிலேயே எழுந்து வந்தது.

விசைப்பலகையின் விசைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டாள். வலது ஓரத்து விசைகளுக்கு அடியில் பிசுபிசுவென்று ஏதோ காய்ந்து கிடந்தது. தண்ணீர் லேசாகச் சிவந்தது. பழைய மெஷின்களுக்குள் இல்லாத கண்றாவியா? செத்த பல்லி, பிஸ்கட் தூள், நகத்துண்டு எல்லாம் பார்த்தவள். தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போனாள்.

மேல்மூடியின் முன்பக்கம் ஒரு கை அகலத்துக்குப் பசை இருந்தது. விரல் வைத்தால் ஒட்டியது. இத்தனை வருஷத்துப் பசை இப்படி இளகி இருக்காதே என்று ஒரு கணம் யோசித்தாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை. பஞ்சில் யூகலிப்டஸ் தைலத்தைத் தொட்டு நாலு இழுப்பு இழுத்தாள். பசை போய்விட்டது.

நரெல் சேர்ந்திருக்கும் பழைய கணினிக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒருமுறை சாரணர் கூடத்தில் கூடுகிற அந்தப் பதினைந்து பேரும், எந்த மெஷினைத் தொட்டாலும் வேலைக்கு முன்னால் ஒரு படம், வேலைக்குப் பின்னால் ஒரு படம் எடுத்துக் கைபேசிக் குழுவில் போடுவார்கள். நரெல் மூடியை ஜன்னலோரம் வைத்துச் சட்டென்று ஒரு படம் எடுத்தாள். எடுத்த படத்தை உடனே பார்க்கும் பழக்கம் அவர்கள் யாருக்கும் கிடையாது. எப்படியும் மஞ்சளாகத்தானே இருக்கப் போகிறது.

பிறகு வெளுக்கிற வேலை. முடிதிருத்தகத்தில் வாங்கிய வெளுப்புக் கிரீமைத் தூரிகையால் மூடி முழுக்கப் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, கொல்லைப்புறத்தில் துணிக்கொடிக்குக் கீழே கவிழ்த்திய வாளி மேல் வைத்தாள். மார்ச் மாசத்து வெயில் காலை பத்து மணிக்கே கொளுத்தியது. நாலு மணி நேரம் போதும், புதிதுபோல் ஆகிவிடும்.

உள்ளே வருவதற்குள் கைபேசி அடித்தது. க்ளெனிஸ்.

"வெயில்ல வச்சுட்டியா?"

"எதை?"

"அந்தக் கம்ப்யூட்டர் மூடியைத்தான். வெளுப்பேன்னு சொன்னியே."

"இப்பத்தான் வச்சேன். உனக்கு எப்பம்மா இதுல அக்கறை வந்தது? நான் அரை மணி நேரம் விளக்குனாலும் கொட்டாவி விடுவே."

"கிம்முக்குப் பரிசாச்சே. நல்லா வரணும்ல. முழுசா வெளுத்துரும்ல?"

"வெளுத்துரும்."

"ஒரு இடம் விடாம?"

"ஒரு இடம் விடாம."

அம்மா பெருமூச்சு விட்டது கேட்டது. அப்பா போன பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு கவலைப்படப் பழகிவிட்டாள், பாவம் என்று நினைத்துக்கொண்டாள் நரெல்.

பதினொன்றே காலுக்கு மறுபடியும் கூப்பிட்டாள் க்ளெனிஸ். "திருப்பி வச்சியா? வெயில் மாறியிருக்கும்."

"அம்மா, நீ வேணா வந்து பக்கத்துல உட்கார்ந்துக்கோ."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் க்ளெனிஸ், "வர்றேன், வர்றப்போ சாப்பிடப் பாஸ்டி வாங்கிட்டு வர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

---

பன்னிரண்டு மணிக்கு நரெல் தேநீரோடு உட்கார்ந்து, கிளப் குழுவுக்கு 'முன்னால்' படத்தை அனுப்பலாம் என்று எடுத்தாள். படம் மங்கலாக இருந்தது. மஞ்சள் எவ்வளவு மோசம் என்று நன்றாகத் தெரியட்டுமே என்று வெளிச்சத்தையும் நிற வேறுபாட்டையும் கூட்டினாள்.

மூடியின் முன்பக்கத்தில், பசை இருந்த இடத்தில், எழுத்துகள் வந்தன.

வெறும் கண்ணுக்குத் தப்பிவிட்ட எழுத்துகள். மஞ்சளுக்கு நடுவில் கொஞ்சம் வெளிறிய மஞ்சளாக, ஆறு பெரிய ஆங்கில எழுத்துகள், கோணல்மாணலாக, ஒன்று மேலே ஒன்று கீழே. ஒட்டுத்தாளில் வெட்டிய எழுத்துகளை யாரோ ஒட்டியிருந்திருக்கிறார்கள். அவை மறைத்துக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் மஞ்சள் ஏறவில்லை.

டாம்சின்.

நரெல் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். வேறு எப்படியாவது வாசிக்க முடியுமா என்று பார்த்தாள். முடியவில்லை.

சிவந்த தண்ணீர் ஞாபகம் வந்தது. ராஸ்பெரி சர்பத். அதைத் தன் கையாலேயே தொட்டியில் கொட்டியிருக்கிறாள். பசையைத் தன் கையாலேயே துடைத்திருக்கிறாள். மீதி இருப்பது கொல்லையில் வெந்துகொண்டிருக்கிறது.

எழுந்து ஓடினாள். கம்பிவலைக் கதவு சுவரில் மோதியது. பிளாஸ்டிக் தாளை விரலால் கிழித்தாள். கையுறை போட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் வெறுங்கையோடு கிரீமை வழித்தெறிந்து, தோட்டத்துக் குழாயைத் திறந்து மூடியைக் கழுவினாள். விரல் நுனியெல்லாம் வெள்ளையாகி எரிந்தது. எரியட்டும்.

தண்ணீர் வடிந்ததும் சாய்த்துப் பார்த்தாள்.

இடது பாதி கிட்டத்தட்ட வெளுத்துவிட்டது. முதல் மூன்று எழுத்தும் போயே போய்விட்டன. வலது பக்கம் மழைநீர்த் தொட்டியின் நிழல் கொஞ்சநேரம் விழுந்திருக்க வேண்டும். அங்கே மஞ்சள் மிச்சமிருந்தது. அந்த மஞ்சளில் கடைசி மூன்று எழுத்துகள், எஸ், ஐ, என், பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும், இருந்தன. இன்னும் இரண்டு மணி நேரம் விட்டிருந்தால் அவையும் இல்லை.

நரெல் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கிம்மை நினைத்தாள். எழுபத்தொன்பது வயதில், முதியோர் இல்லத்தில், மகளுக்கு இன்னும் கல்லறைக் கல் வைக்க விடாமல் அடம்பிடிக்கும் மாமியார் பெரிலை நினைத்தாள். அப்பாவை நினைக்க முயன்றாள். அந்தப் பளபளப்பான ஈயப்பற்று மட்டும்தான் கண்ணுக்குள் வந்தது.

அப்போது வாசலில் கார் நின்றது.

---

க்ளெனிஸ் பக்கவழியாகக் கொல்லைக்கே வந்தாள். கையில் கறி அடைத்துச் சுட்ட பாஸ்டிப் பொட்டலம். எழுபத்தி நாலு வயதிலும் வேக நடை.

"ஏன் எடுத்துட்டே? நாலு மணி நேரம் ஆகலையே."

நரெல் மூடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பாதிதான் வெளுத்திருக்கு. திட்டுத்திட்டா இருக்கு பாரு. மறுபடியும் பூசி வையேன்."

"எப்பம்மா சுரண்டினே?"

"எதை?"

"பசை இளகலா இருந்துச்சு. முப்பத்தஞ்சு வருஷத்துப் பசையா இருந்தா கல்லா இருக்கும். எழுத்து போன வாரம் வரைக்கும் இதுலதான் இருந்திருக்கு. எப்பச் சுரண்டினே?"

"என்ன எழுத்து, எனக்கு ஒண்ணும் தெரியாது. வெயில்ல உட்கார்ந்து உனக்கு—"

நரெல் கைபேசியை நீட்டினாள்.

க்ளெனிஸ் படத்தைப் பார்த்தாள். பாஸ்டிப் பொட்டலத்தை வாளி மேல் வைத்தாள். அது சரியாக உட்காரவில்லை, நகர்த்தி வைத்தாள். பிறகுதான் பேசினாள்.

"செவ்வாய்க்கிழமை. வெண்ணெய்க் கத்தியால. ஒட்டுத்தாளைத்தான் எடுத்தேன். அதுக்கடியில அவ பேரு தடம் விட்டிருக்கும்னு எடுத்தப்புறம்தான் தெரிஞ்சுது."

"தூக்கிப் போட்டிருக்கலாம்ல. எதுக்கு என்கிட்டக் கொடுத்தே?"

"நீதான் பார்த்துட்டியே. காணோம்னா கேட்க மாட்டியா? உன் வாயை அடைக்க முடியுமா? நீ வெளுத்துட்டா எல்லாம் போயிரும்னு நினைச்சேன்."

அதாவது, அம்மா செய்ய வேண்டிய வேலையை மகள் கையால் முடித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறாள். பெற்றவள் மேல் இப்படி ஒரு அருவருப்பு வரும் என்று நரெல் நினைத்ததே இல்லை.

"அவ பட்டறைக்கு வந்தாளா?"

"வந்தா."

"நீ பார்த்தியா?"

"நான்தான் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன். மூணே கால் இருக்கும். ரொம்ப வெயில், தண்ணி கேட்டா, கொடுத்தேன். உன்னை வாலாரூ நீச்சல் வகுப்புல இருந்து கூட்டிட்டு வரணும், நேரமாச்சுன்னு நான் கிளம்பிட்டேன். திரும்பி வர்றப்போ அஞ்சு மணி. அவ இல்லை. உங்கப்பா பட்டறைத் தரையைக் குழாய் வச்சுக் கழுவிட்டிருந்தார்."

"நீ கேட்கலையா?"

"அன்னிக்கு ராத்திரி போலீஸ் வந்துச்சு. அந்தப் பொண்ணு வரவே இல்லைன்னார். சொல்லிட்டு என்னைப் பார்த்தார். நானும் வரலைன்னேன்."

"அதுக்கப்புறம்? இத்தனை வருஷத்துல ஒரு நாள் கூடவா கேட்கலை?"

"கேட்டா சொல்லிருவாரேன்னு பயம்."

கொடியில் கிம்மின் வேலைச்சட்டைகள் காய்ந்து கிடந்தன. நரெல் அவற்றைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இதை எதுக்கு வச்சிருந்தார்?"

"நானும் சொன்னேன், கடல்ல போட்டுட்டு வாங்கன்னு. மாட்டேன்னுட்டார். சிப்பு வர ரெண்டு மாசம் ஆச்சு. வந்ததும் உட்கார்ந்து போட்டார். வேலை முடிஞ்சுது, சொந்தக்காரங்க வந்து வாங்கிப்பாங்கன்னார். அப்படியே சொன்னார், நரெல். முகத்துல ஒண்ணுமே இல்லாம."

காலையில் அந்த ஈயப்பற்றைப் பார்த்துத்தான் நரெல் கண் கலங்கியிருந்தாள்.

"நான் கிம்மைக் கல்யாணம் பண்ணிக்கிட்டப்போ, சர்ச்ல முதல் வரிசையில உட்கார்ந்திருந்தே. பெரில் பக்கத்துல. அவங்க அழறப்போ கைக்குட்டை கொடுத்தே."

"கொடுத்தேன்."

"எப்படிம்மா?"

"என்ன சொல்லச் சொல்றே? வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேட்பே." க்ளெனிஸின் குரல் முதல்முறையாக உடைந்தது. "இப்பக் கேளு. அவர் போய்ச் சேர்ந்துட்டார். பெரிலுக்கு டாக்டர் ஆறு மாசம்தான் சொல்லியிருக்கார். இனிமே இதைத் தோண்டி யாருக்கு என்ன கிடைக்கப் போகுது? உனக்குப் புருஷன் போவான், எனக்கு மகள் போவா. இன்னும் ரெண்டு மணி நேரம் வெயில்ல வை. அவ்வளவுதான். அவன் சந்தோஷமா அவ விளையாட்டை ஆடட்டும். அது அவளோட மெஷின்தானே, அவன்கிட்டயே போய்ச் சேர்ந்த மாதிரியும் ஆச்சு."

ஒரு கணம் நரெலின் மனம் சலனப்பட்டது. ஒளிப்பானேன், அவளும் மனுஷிதான். இருபத்திரண்டு வருஷ வாழ்க்கை. கிரீம் டப்பா எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கைபேசியில் இருக்கும் படத்தை அழிக்க ஒரு விரல் போதும். கிம் ஒருநாளும் அறியமாட்டான். அவன் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டு, ஒரு தம்ளர் சர்பத்துக்காக, சாகிறவரை புழுங்குவான். அதைத் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"அவ எங்கேம்மா?"

க்ளெனிஸ் குனிந்து பாஸ்டிப் பொட்டலத்தை எடுத்தாள்.

"நீ கேட்கலை, சரி. ஆனா உனக்குத் தெரியும். எங்கே?"

க்ளெனிஸ் பாஸ்டிப் பொட்டலத்தின் காகிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "வீட்டை விக்க வேண்டாம்னு உன்கிட்டப் பத்து தடவை சொன்னேன்" என்றாள் மெல்ல. "நீதான் கேட்கலை."

நரெல் அதற்கு அர்த்தம் கேட்க வாயெடுப்பதற்குள் முன்பக்கம் கிம்மின் வண்டிச் சத்தம். மூன்று மணிக்கு வர வேண்டியவன். காற்று பலமென்று கப்பலில் ஏற்றுவதை நிறுத்தி, எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள்.

"துணியைப் போட்டு மூடு" என்றாள் க்ளெனிஸ். குரல் கிசுகிசுத்தது. "நரெல், மூடுடி. கெஞ்சிக் கேட்கிறேன்."

நரெல் மூடவில்லை. எழுந்து நின்றாள். ஈரம் சொட்டும் மூடியை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

கிம் பக்கவழியில் திரும்பி வந்தான். தலைமுடியெல்லாம் கோதுமைத் தூசி. முதலில் மாமியாரைப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு நரெல் கையில் இருப்பதைப் பார்த்தான். என்ன மாடல் என்று அந்த ஊரில் அவனைவிட வேகமாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை.

அவன் முகம் மலர்ந்தது. ஐம்பது வயது ஆள் பத்து வயதுப் பையனாகிவிட்டான். உடனே இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

"நான் பார்க்கலைப்பா" என்றான் சிரித்துக்கொண்டே. "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நான் எதையும் பார்க்கலை. நீங்க ரெண்டு பேரும் ஒளிச்சு வச்சுட்டுச் சொல்லுங்க."

க்ளெனிஸ் மகளைப் பார்த்தாள். முன்னொரு ராத்திரி அவள் புருஷன் அவளை எப்படிப் பார்த்தாரோ அப்படி.

"கிம்" என்றாள் நரெல். "கையை எடு."

"இரு, இரு. மூடிட்டியா?"

"மூடலை. கிட்ட வா. கையை எடுத்துட்டு, வலது பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு படி."

சிரிப்பு மாறாத முகத்தோடு இரண்டு அடி முன்னால் வந்து, கிம் கையை எடுத்தான்.